மதகு திறந்தால் பெண்பார்ப்பு

அந்த வீட்டைப் பார்க்க நாங்கள் போன அன்று மூசி ஆறு நல்ல பிள்ளையாக ஓடிக்கொண்டிருந்தது. நான் ஏமாந்ததற்கு அதுதான் காரணம். என் கணவர் இன்றுவரை வேறு காரணம் சொல்வார்.

ஐ.டி. கம்பெனிகள் ஹைதராபாத்தில் மளமளவென்று முளைத்துக்கொண்டிருந்த காலம். நாங்கள் திருநெல்வேலியிலிருந்து வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அவருக்குக் குஷாய்குடாப் பக்கம் மத்திய அரசு ஆலை ஒன்றில் எஞ்சினியர் வேலை. எனக்கு ஊரின் மேற்குக் கோடியில், கண்ணாடிக் கட்டடம் ஒன்றில், சாஃப்ட்வேரைச் சோதித்துக் குறை கண்டுபிடிக்கிற வேலை. குறை கண்டுபிடிப்பதற்குச் சம்பளமும் தருகிறார்களா என்று என் மாமியார் ரொம்ப நாள் ஆச்சரியப்பட்டுக்கொண்டிருந்தார். கணவரின் ஆலைக்குப் பக்கத்தில் குடியிருந்தால் நான் பஸ்ஸிலேயே கிழவியாகிவிடுவேன். என் ஆபீசுக்குப் பக்கத்தில் போனால் அவர் கதி அது. அதனால் நடுவில் தேடினோம். கௌலிகுடாவில், ஆற்றங்கரைச் சந்து ஒன்றில், பழைய வீட்டின் மாடிப் போர்ஷன் காலியாக இருப்பதாகத் தெரிந்தது.

"மூசிக்கரையிலயா? அங்கன மனுசன் குடியிருப்பானாட்டி?" என்று அல்வாலில் இருக்கும் என் சித்தி போனில் கேட்டாள். சித்தப்பா ராணுவ அலுவலகத்தில் வேலை பார்ப்பவர். சித்திக்கு அல்வாலைத் தாண்டிய ஹைதராபாத் முழுவதுமே சந்தேகத்துக்குரிய இடம். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வீடு அப்படி இருந்தது. தேக்குப் படிக்கட்டு, நடுவில் முற்றம், ஒரு ஆள் நீட்டிப் படுக்கலாம் போன்ற ஜன்னல் மாடம். ஆற்றைப் பார்த்த நான்கு ஜன்னல்களும் விரியத் திறந்திருந்தன. வெளியே இரண்டு நாள் மழையில் செம்மண் நிறத்தில் தண்ணீர் சுழித்து ஓடியது. எதிர்க்கரையில் ஹைகோர்ட்டின் சிவப்புக் கோபுரங்கள், இந்தப் பக்கம் ஆஸ்பத்திரியின் வெள்ளைக் கோபுரங்கள், நடுவில் ஈரக் காற்று. பெரிய வெள்ளம் ஒன்று வந்து ஊரை வாரிக்கொண்டு போன பிறகு கட்டியது என்று கருங்கல் கரைச்சுவரைக் காட்டினார் வீட்டுக்காரம்மா. தாமிரபரணி தண்ணீர் குடித்து வளர்ந்தவள் நான். ஆற்றைக் கண்டால் புத்தி மழுங்கிவிடும். அங்கேயே அட்வான்ஸ் கொடுத்துவிட்டோம்.

தீபாவளிக்குள் தண்ணீர் வடிந்தது. அதற்குப் பிறகு வந்ததை எப்படிச் சொல்வது? நாற்றம் என்று ஒரு சொல்லில் சொன்னால் அது மரியாதை. காலையில் அழுகிய முட்டை, மத்தியானம் மாட்டுக்கொட்டகை, சாயங்காலம் இரண்டும் சேர்ந்து. என் வெள்ளிக் குங்குமச்சிமிழ் ஒரே வாரத்தில் அடுப்புக்கரி நிறத்துக்குப் போனது. கொலுசைக் கழற்றி வைத்தேன். அதற்குள் அதுவும் கறுத்திருந்தது.

நான் படியிறங்கிச் சண்டைக்குப் போனேன். வீட்டுக்காரம்மா கீழே முற்றத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். ஐம்பதைத் தாண்டியவர். கணவர் இறந்து பல வருஷம். மூன்று தலைமுறைக்கு முன்னால் வேலூர்ப் பக்கத்திலிருந்து பட்டாளத்தோடு வந்து தங்கிவிட்ட குடும்பம். வேலூர்த் தமிழை அப்படியே வைத்துக்கொண்டு, மேலே ஹைதராபாத்தைத் தூவியிருந்தார்.

"என்ன ஆன்ட்டி, இப்படி ஏமாத்திட்டியளே" என்றேன்.

"கைக்கு, எதுக்கு இவ்ளோ கோவம்? நீ கேட்டியா, நாத்தம் வருமான்னு? கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். குந்து, டீ போடறேன்."

கேட்கவில்லைதான். ஆற்றைப் பார்க்கும்போது யார் அதைக் கேட்பார்கள்? டீயைக் குடித்துவிட்டு மேலே வந்தேன். கோபம் போகவில்லை, ஆனால் அதற்குப் பக்கத்தில் இன்னொன்று வந்து உட்கார்ந்துகொண்டது. இவர்கள் எல்லாரும் இங்கே எப்படித்தான் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்ற அரிப்பு. எனக்கு அது பிறவிக் குணம். கண்ணாடிக் கட்டடத்தில் அதற்குத்தான் சம்பளம்.

பார்க்க ஆரம்பித்தேன். ஆற்றைப் பார்த்த ஜன்னல்களை யாரும் திறப்பதில்லை. திறப்பதில்லை என்றால், வெறுமனே சாத்தி வைப்பதோடு விடுவதில்லை. பழைய தெலுங்குப் பேப்பரை நீளமாகக் கிழித்து, மைதாப் பசை தடவி, கதவிடுக்கு முழுவதும் ஒட்டிவிடுகிறார்கள். எங்கள் வீட்டில் மட்டுமல்ல, சந்து முழுக்க அப்படித்தான். ஆற்றங்கரையில் வீடு கட்டியவர்கள் ஆற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். ஆனால் தாழ்ப்பாள்களைப் பார்த்தால் எண்ணெய் போட்டுப் பளபளவென்று இருந்தன. திறக்காத ஜன்னலுக்கு எதற்கு எண்ணெய்?

கரையை ஒட்டிச் சேற்றில் ஆளுயரத்துக்குப் புல் வளர்த்தார்கள். காலையில் ஆட்கள் இறங்கி அறுத்துக் கட்டுக்கட்டாக எருமைகளுக்கு அனுப்பினார்கள். அந்தப் பாலைத்தான் நாம் குடிக்கிறோமா என்று என் கணவர் கேட்டார். நான் பால்காரரை விசாரித்தேன். அவர் இல்லை என்றார். முகத்தைப் பார்த்தால் நம்பத் தோன்றவில்லை. அன்றிலிருந்து என் கணவர் கடுங்காப்பிக்கு மாறிவிட்டார்; நான் மாறவில்லை.

குழாயடியில்தான் பெரிய விஷயம் கிடைத்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் வரும். குடங்கள் வரிசையில் நிற்கும்போது பெண்கள் பழைய கதை பேசுவார்கள். என் அரைகுறைத் தெலுங்குக்கு அதுவே பள்ளிக்கூடம். ஒருத்தியைப் பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளையின் மாமா வாசலில் வழுக்கி விழுந்தாராம், நல்ல மழையாம். இன்னொருத்தி வீட்டுக்கு வந்தவர்கள் முழங்கால்வரை நனைந்து வந்தார்களாம். மூன்றாமவள் வீட்டில் பஜ்ஜி நமுத்துப்போனதாம். எதிர்வீட்டு அம்மாள் தன் கல்யாணப் படத்தைக் காட்டினாள்; நிச்சயத்துக்கு வந்தவர்கள் கையிலெல்லாம் குடை. எனக்குள் ஏதோ மணியடித்தது. சித்திரையில், தையில் யாரையும் பெண் பார்க்கவே வரவில்லையா?

வீட்டுக்காரம்மாவிடம் நேராகக் கேட்டேன். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

"இத்தனை வருஷத்துல யாரும் கண்டுபுடிச்சதில்ல. நீ சரியான ஆளுதான்" என்று ஆரம்பித்துச் சொன்னார். மேலே கண்டிப்பேட்டையில் ஏரி இருக்கிறது. மழை பலமாகப் பெய்து ஏரி நிரம்பினால் மதகைத் திறந்துவிடுவார்கள். ஒரே நாளில் ஆறு கழுவித் துடைத்தாற்போல் ஆகிவிடும். அப்போது சந்தில் எந்த வீட்டில் கல்யாண வயதில் பெண் இருக்கிறதோ, அவர்கள் தரகருக்குச் சொல்லியனுப்பி மாப்பிள்ளை வீட்டாரை வரவழைப்பார்கள். ஜன்னல் பேப்பரைக் கிழித்து எல்லாவற்றையும் திறந்து வைப்பார்கள். வருகிறவர்கள் ஆறு, காற்று, கோபுரம் என்று சொக்கிப்போவார்கள். தண்ணீர் வடிவதற்குள் தட்டு மாற்றிவிட வேண்டும்.

"என்னையும் அப்படித்தான் பாத்தாங்க. அப்போ இவ்ளோ நாத்தம் இல்ல, ஆனாலும் பாட்டன் காலத்துலேர்ந்து பழக்கம்."

"கல்யாணத்துக்கு அப்புறம் மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியுமே ஆன்ட்டி?"

"ஹவ், ஆமா, தெரியும். தெரிஞ்சா என்ன? பொண்ணு அவங்க ஊட்டுக்குப் போயிடுது. நாத்தம் எங்களோட நிக்குது."

ஆடியில் மதகு திறந்துவிட்டால்தான் சிக்கலாம். ஆடியில் பெண் பார்க்கக்கூடாது. ஆவணி பிறக்கும்வரை தண்ணீர் தாங்க வேண்டும் என்று சந்திலிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் வேண்டிக்கொள்ளுமாம். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சாயங்காலம் கணவரிடம் சொன்னேன். "நம்மளையும் அப்படித்தான் பிடிச்சாங்க" என்றார். அதற்கு மேல் நான் சிரிக்கவில்லை.

சிரிப்பு முழுவதுமாக நின்றது மகளின் கதையைக் கேட்டபோது. வீட்டுக்காரம்மாவுக்கு ஒரே மகள், இருபத்தேழு வயது. பேகம்பேட்டையில் ஒரு கம்பெனியில், அமெரிக்க டாக்டர்கள் பேசிப் பதிவுசெய்ததைக் கேட்டு டைப் செய்யும் வேலை. அப்போது அந்த வேலை ஊரெல்லாம் இருந்தது. அம்மா தமிழில் கேட்பார், அவள் ஹிந்தியிலோ தெலுங்கிலோ பதில் சொல்வாள். என்னிடமும் அப்படித்தான்; இடையில் ஒரு "அக்கா" மட்டும் தமிழ். ஏன் தமிழில் பேசுவதில்லை என்று கேட்டேன். தன் தமிழைக் கேட்டால் மெட்ராஸ்காரர்கள் சிரிப்பார்கள் என்றாள். நான் மெட்ராஸ் இல்லை என்றேன். எல்லாம் ஒன்றுதான் என்றாள்.

அவளுக்குக் கல்யாண வயது வந்த நேரம் பார்த்து வருஷக்கணக்கில் மழை பொய்த்துவிட்டது. ஏரி நிரம்பவில்லை, மதகு திறக்கவில்லை. பொறுத்துப் பார்த்த வீட்டுக்காரம்மா ஒரு பனிக்காலத்தில் துணிந்து ஒரு வீட்டாரை வரச்சொல்லிவிட்டார். ஊதுவத்தி, சாம்பிராணி, வெங்காய பஜ்ஜி என்று எல்லா ஆயுதமும் எடுத்தார். மாப்பிள்ளையின் அம்மா உட்கார்ந்ததும் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்தாள். மகள் காப்பித் தட்டோடு போய்க் குனிந்தபோதும் எடுக்கவில்லை. ஒரு வாய் குடிக்காமல் எழுந்துபோனார்கள். அடுத்ததாக வந்தவர்கள் செப்டிக் டேங்க் எங்கே இருக்கிறது என்று கேட்டார்கள். நாங்கள் குடிவந்த மழையில் ஆறு நிறைந்தும், ஜாதகம் எதுவும் அமையவில்லை.

ஒருநாள் மாலை மொட்டைமாடியில் துணி எடுக்கப் போனேன். கொடியில் அவளுடைய துணி ஒன்றுகூட இல்லை. அவள் அறையில் மின்விசிறிக்கு அடியில் கயிறு கட்டிக் காயவைத்திருந்தாள். காய்ந்ததை ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில் போட்டு மூடினாள். எதற்கு என்று கேட்டேன். முதலில் ஒன்றுமில்லை என்றாள். பிறகு மூன்று மொழியும் கலந்து சொன்னாள். அந்த அம்மாள் கைக்குட்டையை எடுத்தது வீட்டைப் பார்த்தா, தன்னைப் பார்த்தா என்று தெரியவில்லையாம். அன்றிலிருந்து ஆபீஸ் வண்டியில் ஜன்னலோரம்தான் உட்காருகிறாளாம். ஆபீசில் யாராவது மூக்கைத் தேய்த்தால் எழுந்துபோய்ப் பாத்ரூமில் தன் கையை முகர்ந்து பார்க்கிறாளாம்.

எனக்கு அழுகை வந்தது. கூடவே ஆத்திரமும் வந்தது. ஊர் முழுக்கக் கழிவைக் கொட்டுகிறது. மேற்கே கண்ணாடிக் கட்டடங்கள் எழ எழ, எந்தெந்தக் கால்வாய் வழியாகவோ எல்லாம் இங்கே வந்து சேர்கிறது. அதில் என் ஆபீஸ் தண்ணீரும் உண்டு. பழி மட்டும் இந்தப் பெண்ணின் துப்பட்டாவுக்கு. இதை அவளிடம் சொன்னேன். அவள் ஜிப்பை இழுத்து மூடிவிட்டு, "மழை வரட்டும் அக்கா" என்று ஹிந்தியில் சொன்னாள்.

அடுத்த வருஷம் மழை வந்தது. ஆவணி பிறந்து இரண்டொரு நாளில் தெலுங்குச் செய்தியில் மதகு திறந்ததைக் காட்டினார்கள். அன்று சாயங்காலம் ஆபீசிலிருந்து திரும்பியபோது சந்தில் விசித்திரமான சத்தம் கேட்டது. நின்று கேட்டேன். வீடு வீடாக ஜன்னல் பேப்பரைக் கிழித்துக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்காரம்மா கத்தியால் பசையைச் சுரண்டிக்கொண்டே தரகரிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமைக்கு ஏற்பாடாகிவிட்டது. மல்லாபூரில் சொந்த வீடு, மருந்துக் கம்பெனியில் பையனுக்கு வேலை, ஈரோட்டுப் பக்கத்துக் குடும்பம், நம்ம ஆட்கள், ஜாதகமும் பொருந்திவிட்டது. இதை விட்டால் அடுத்த மழைவரை வழியில்லை, அடுத்த மழை வருமா என்பதும் தெரியாது. அந்தச் சில நாட்களும் வீட்டுக்காரம்மா சரியாகச் சாப்பிடவில்லை.

பஜ்ஜி போடும் பொறுப்பு எனக்கு. பையன், அவன் அம்மா, ஒரு மாமா மூன்று பேரும் வந்தார்கள். ஆறு தன் வேலையைக் காட்டியது. பையனின் அம்மா ஜன்னலோரம் நின்று, "என்ன காத்துங்க, எங்க பவானிக் கரை மாதிரியே இருக்குதுங்க" என்றார். மாமா பஜ்ஜியை மூன்றாம் தடவை கேட்டு வாங்கினார். பையன் கோபுரங்களைப் பார்ப்பதுபோல் பெண்ணைப் பார்த்தான். அவளும் பார்த்தாள், பிடித்திருக்கிறது என்று எனக்கு நன்றாகவே தெரிந்தது. வீட்டுக்காரம்மா என்னைப் பார்த்துக் கண்ணாலேயே கும்பிட்டார்.

"எங்களுக்குப் பூரண சம்மதமுங்க. பொண்ணு ஏதாவது கேக்கணும்னா கேக்கட்டும்" என்றார் பையனின் அம்மா.

அவள் தட்டைக் கீழே வைத்தாள். அதுவரை அவள் வாயிலிருந்து நான் கேட்டிராத தமிழில், அவள் அம்மாவின் வேலூர்த் தமிழில் சொன்னாள்.

"ஆன்ட்டி, இந்தக் காத்து நாலு நாளுதான். மதகு மூடிட்டா மறுபடி சாக்கடை நாத்தம். வருஷம் பூரா அதுலதான் நாங்க இருக்கோம். நான் துவைக்கற துணியில கூட அது வரும். வெய்யில் காலத்துல ஒரு வாட்டி வந்து குந்திப் பாருங்க. அப்புறம் சொல்லுங்க."

மாமா மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினார். பையனின் அம்மா முகத்திலிருந்து ஒன்றும் தெரியவில்லை. போய்த் தகவல் சொல்கிறோம் என்று எழுந்தார்கள். போய்த் தகவல் சொல்கிறோம் என்றால் என்ன அர்த்தம் என்று நம் ஊரில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும்.

வீட்டுக்காரம்மா மகளைத் திட்டவில்லை. சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீதானே இவளுக்கு எல்லாம் சொல்லிக் குடுத்தது?" என்றார். நான் சொல்லிக்கொடுக்கவில்லை. சொல்லிக்கொடுத்திருந்தாலும் இவ்வளவு அழகாக எனக்குச் சொல்ல வராது. ஆனால் அதைச் சொல்லும் நேரம் அது இல்லை. தை மாதம்வரை அவர் என்னோடு பேசவில்லை. வாடகையைக்கூட மகள் வந்துதான் வாங்கிப்போனாள்.

மகளிடம் வருத்தமா என்று கேட்டேன். அந்தப் பையனை நினைத்தால் வருத்தம்தான் என்றாள். சொன்னதற்கு வருத்தமா என்று கேட்டேன். இல்லை என்று தலையசைத்தாள். அதற்கப்புறம் அவளுடைய துணிகள் மொட்டைமாடிக் கொடியில் என் புடவைகளுக்குப் பக்கத்தில் காய ஆரம்பித்தன. தமிழ் மட்டும் மறுபடி உள்ளே போய்விட்டது.

ஜன்னல்களில் புதுப் பேப்பர் ஒட்டியாயிற்று. பங்குனி போய்ச் சித்திரை பிறந்தது. ஆறு கறுத்து, நுரைத்து, வருஷத்திலேயே மோசமான நிலையில் இருந்தது. ஒரு சனிக்கிழமை பிற்பகல், வெயிலில் சந்தே ஆளில்லாமல் கிடந்தது. கீழே கதவு தட்டும் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். அந்தப் பையனும் அவன் அம்மாவும் நின்றுகொண்டிருந்தார்கள். நான் விழுந்தடித்து இறங்கினேன். இப்படிப்பட்ட இடத்தில் நான் இல்லாமல் போனால் எனக்குத் தூக்கம் வராது.

வீட்டுக்காரம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஊதுவத்தியைத் தேடினார். பையனின் அம்மா அவர் கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

"ஒண்ணும் கொளுத்த வேண்டாமுங்க. புள்ள வெய்யில் காலத்துல வரச்சொல்லுச்சே, அதான் வந்தோமுங்க."

அதை நாங்கள் யாருமே அழைப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் ஒருவர்தான் எடுத்துக்கொண்டிருந்தார். நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். மூச்சை இழுத்துப் பார்த்தார். "ம், பலமாத்தானுங்க இருக்குது" என்றார். பையன் எழுந்துபோய் அடைத்த ஜன்னலருகே நின்று, பேப்பரில் இருந்த பழைய செய்தியைப் படித்துக்கொண்டிருந்தான். அவன் காது எங்கே இருந்தது என்பது எல்லாருக்கும் தெரியும். மகள் டீ கொண்டுவந்தாள். அவன் அம்மா நிதானமாக, கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார்.

"இந்தப் புள்ள அன்னைக்குச் சொன்னதுல இருந்து எனக்கு மனசே சரியில்லீங்க. நடுவுல ரெண்டு எடம் வந்துச்சு, போகத் தோணல. எங்க ஊட்டுக்குப் பின்னால சாயத்துக்குக் கெமிக்கல் பண்ற கம்பெனி இருக்குதுங்க. கண்ணெல்லாம் எரியும். ஊடு பாக்க உங்களை ஞாயித்துக்கெழமதான் கூப்புடறதுன்னு நாங்க முடிவு பண்ணி வச்சிருந்தோமுங்க. அன்னைக்குக் கம்பெனி லீவு. எம் பெரிய பையனுக்குப் பொண்ணு எடுத்ததும் அப்படித்தானுங்க."

எனக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது, பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"அதனால ஞாயித்துக்கெழம வராதீங்க. புதன்கெழம வாங்க. வந்து, உக்காந்து பாத்துட்டு, நீங்களும் சொல்லுங்க" என்றார் பையனின் அம்மா.

டீத் தட்டோடு நின்றிருந்த மகள்தான் கேட்டாள், தமிழிலேயே.

"எத்தினி மணிக்கு நாத்தம் ஜாஸ்தியா இருக்கும், அத்தை?"